நாற்பத்தொன்றாம் எண்ணின் வருகை

புதிய செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் மற்றவர்கள் புதுப் பேனா வாங்குவார்கள், நான் ஸ்கேல் வாங்குவேன். கால அட்டவணைக்குக் கோடு நேராக விழ வேண்டும். பழைய ஸ்கேலின் ஓரம் தேய்ந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் என் சுபாவம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நாள்குறிப்பில் உறுதியான விஷயத்தைப் பேனாவால் எழுதுவேன். உறுதியில்லாததற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவேன்.

நான் சொல்வதை மலையாளத்தில் எழுதிக்கொள்வதாகப் போலீஸ் ஸ்டேஷனில் சி.ஐ. ஸ்ரீகுமார் சார் சொன்னார். அவர் எழுதிய முதல் பக்கத்தைப் படித்தேன். நேரம் ஒன்றுகூடச் சரியில்லை. போதாததற்கு, 'பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை' என்று அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் கவனம் போதாது. நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று தாள் வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் செந்தில்வேல். வீடு பாறசாலை, கேரள எல்லைக்குள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை சர்க்கார் குமாஸ்தாக்கள். எல்லை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நாற்காலி நம் பக்கம் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. அதனால் பகலில் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரி. மாலையில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் களியக்காவிளைப் பக்கம் இன்னொன்று. இரண்டு பட்டங்களை ஒரே சமயத்தில் படிக்க இப்போது விதி இடம் தருகிறது. வகுப்பு நேரம் மட்டும் மோதக் கூடாது. மோதாது என்று இரண்டு இடத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பொய் என்று தெரிந்தால் சேர்க்கை ரத்து.

என்னைப் பார்த்து இரண்டிலும் சேர்ந்தவன் சஜன். அவனுடைய அம்மா ஞானபாய் பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறார். சஜனிடம் கால அட்டவணை கிடையாது. உள்ளங்கையில் எழுதிக்கொள்வான். பிறகு சாப்பிட்டுக் கை கழுவுவான். அதற்கப்புறம் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வகுப்பு எங்கே என்று கேட்பான். இப்படிப்பட்டவனுக்கும் எனக்கும் ஒரே பட்டம் கிடைக்கப்போகிறது என்பது பல்கலைக்கழகங்களைப் பற்றி நிறையச் சொல்கிறது.

நாலாம் செமஸ்டர் ஜனவரியில் தொடங்கியது. முதல் நாளே, செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் லேப் இனி நாலரை வரை என்று பகல் கல்லூரியில் அறிவிப்பு ஒட்டினார்கள். மாலைக் கல்லூரியில் நாலு மணிக்கு முதல் வருகைப் பதிவு, தேநீர் முடிந்து ஐந்தே முக்காலுக்கு இரண்டாவது. நேரம் மோதியது. அட்டவணையை நாலு முறை அழித்துக் கோடு போட்டேன். சஜன் சிரித்தான்.

"எலே செந்திலு, செவ்வாய்க்கு லீவு போட்டா தலையா போயிரும்?"

"எல்லாச் செவ்வாயும் லீவு போட்டா ஏன்னு கேப்பினும்."

"உனக்க மண்டைக்குள்ள இருக்கது மூளை இல்ல மக்கா, தாலுக்கா ஆபீஸாக்கும்."

ஏற்பாடு என்னுடையது. செவ்வாய்தோறும் ஒருவன் லேபில் உட்கார்ந்து இருவர் எண்ணுக்கும் குரல் கொடுப்பான். மற்றவன் முன்பே கிளம்பிப்போய் மாலைக் கல்லூரியில் இருவருக்கும் குரல் கொடுப்பான். லேபில் சஜன் எண் நாற்பத்தொன்று, என் எண் நாற்பத்திரண்டு. லேகா மிஸ் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை. மாலைக் கல்லூரி ஆசிரியர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர். இவர்களை நான் ஏமாற்றியதாகச் சொல்கிறார்கள். ஏமாறுவதற்கு அங்கே ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும்.

முதல் செவ்வாய், முன்னால் கிளம்ப வேண்டியவன் சஜன். மூன்று மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தவன் போனில் சொன்னான்: "பெரிய ரோட்டுல பிளாக்கு. சானல் கரை வழியா போறேன்."

அணையிலிருந்து வரும் சிமென்ட் வாய்க்காலைத்தான் சானல் என்கிறோம். மழை முடிந்தால் வறண்டு கிடக்கும். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், சுவர் செங்குத்து. கரையின் ஓரம் முழுக்க ரப்பர் தோட்டம். அந்த வழியில் பகலிலும் ஆள் அபூர்வம்.

மூன்றேகாலுக்கு லேகா மிஸ் வருகை எடுத்தார். நாற்பத்தொன்றுக்குக் கொஞ்சம் தடித்த குரலில் பதில் சொன்னேன். 3.24-க்கு சஜன் மறுபடி கூப்பிட்டான். வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

"மக்கா, வண்டியோட சானலுக்குள்ள விழுந்துட்டேன். காலு ஒடிஞ்சு போச்சு. பழைய பம்ப் ஹவுஸ் பக்கம். போனும் நொறுங்கிப் போச்சுலே, தொட்டா கடைசி நம்பருக்கு மட்டும்தான் போவுது. அம்மைட்ட சொல்லு." வலியில் மூச்சு வாங்கியது. அதிலும் ஒரு கேலி. "உனக்க அட்டவணையில இதுக்கு கட்டம் போட்டிருக்கியா?"

போடவில்லை. அதுதான் என் சிரமம்.

சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டுக் கவனமாக யோசித்தேன். ஞானபாயிடம் சொன்னால் பாதிச் சந்தையைக் கூட்டிக்கொண்டு ஓடுவார். ஆஸ்பத்திரியில் விழுந்த நேரம் எழுதுவார்கள். அந்த நேரத்தில் அவன் லேபில் இருந்ததாக மையில் பதிவாகியிருக்கிறது. சஜனால் ஒரு பொய்யைப் பத்து நிமிடம் சுமக்க முடியாது. இரண்டு கல்லூரியையும், ஏற்பாடு யாருடையது என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். கால் எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். ரத்தான சேர்க்கை மறுபடி கூடாது. ஆகவே நாலரைக்குக் கடைசி வருகை எடுத்ததும் போகலாம் என்று முடிவு செய்தேன். நியாயமான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

4.05-க்கு ஞானபாய் என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, சஜனுக்க அம்மையாக்கும். அவனுக்க போன் போவல்ல. உங்கூட உண்டா?"

"உண்டு மாமி. கிளாஸ்ல இருக்கான்."

"மத்தியானச் சோற எடுக்காமப் போயிட்டான். சாளை மீனு பொரிச்சு வச்சிருக்கேன்னு சொல்லு, நேரே வீட்டுக்கு வரட்டு."

"சொல்லுதேன் மாமி."

சந்தையிலிருந்து பம்ப் ஹவுஸுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. அவர் வேகமாக நடப்பவர்.

தண்ணீர் வரும் என்று தெரியுமா என்று சி.ஐ. சார் கேட்டபோது தெரியாது என்று முதலில் சொன்னேன். அதைத் திருத்துகிறேன். அந்தச் செவ்வாயின் பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது: 'சானலில் தண்ணீர். ஷட்டர் 4 மணி. அப்பாவிடம் சொல்ல.' எங்கள் தென்னைக்கு அந்தத் தண்ணீர்தான். மதகு ஷட்டரிலிருந்து தண்ணீர் பம்ப் ஹவுஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று சென்ற ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது. சஜனின் போனை வைத்த பிறகு, 3.30-க்கு, அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். சொன்ன நேரத்துக்கு யார் எதைத் திறக்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

4.20-க்கு சஜன் கூப்பிட்டான். குரலில் கேலி இல்லை.

"ஒருத்தரையும் காணல்லியே மக்கா. அந்தால படி உண்டு. ஊர்ந்து போய் ஏறிப் பாக்கட்டா? மேல ஏறினா யாராவது பாப்பினும்."

"அசையாதே," என்றேன். "ஒடிஞ்ச காலை அசைச்சா உயிருக்கு ஆபத்து. கிடந்த இடத்திலேயே கிட. நான் ஆளைக் கூட்டிட்டு வாறேன்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

அவன் படியேறியிருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். பார்த்தவர்கள் விசாரித்திருப்பார்கள். அதனால்தான் அப்படிச் சொன்னேன். நான் யாரையும் கூட்டிக்கொண்டு போவதாக இல்லை. இதில் பயம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சி.ஐ. சார் சேர்த்த அந்த வரியை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாலரைக்கு நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு இரண்டுக்கும் பதில் சொன்னேன். பிறகு களியக்காவிளை பஸ்ஸில் ஏறினேன். 4.47-க்குப் போன் அதிர்ந்தது. சஜன் பெயர். எடுக்கவில்லை, பஸ்ஸில் கூட்டம். கொஞ்ச நேரம் அதிர்ந்து நின்றது. பிறகு வரவில்லை.

பஸ் சானல் பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். சருகும் தேங்காய் மட்டையும் புரள, பழுப்புத் தண்ணீர் சுவரில் முக்கால் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டரைச் சரியான நேரத்துக்குத்தான் திறந்திருக்கிறார்கள். நாள்குறிப்பை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தேன். பாலத்தருகே ஒரு ஸ்டாப் உண்டு. இறங்கவில்லை. இறங்கியிருந்தால் ஐந்தே முக்கால் வருகையும் போயிருக்கும்.

மறுநாள் காலை, ஒரு மைல் தள்ளி, சானலில் குப்பை தடுக்கும் கம்பி அழியில் அவனைக் கண்டெடுத்தார்கள்.

இன்று ஸ்டேஷன் வாசலில் ஞானபாய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கவில்லை. "எனக்க பிள்ள உங்கூட உண்டுன்னு சொன்னியே மக்கா," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். படிக்காதவர், அவருக்கு விளக்குவது கஷ்டம். இதை அவருக்குப் படித்துக் காட்டினால் ஒன்று புரியும். சஜன் என்னை நம்பி ஒப்படைத்தது ஒரே ஒரு வேலை. செவ்வாய்க்கிழமைகளில் அவனுக்கு வருகை விழ வேண்டும். ஐந்தே முக்காலுக்குக் களியக்காவிளையில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது, பாலத்தைத் தாண்டி வந்த பிறகும், குரலைத் தடிக்க வைத்து நான்தான் பதில் சொன்னேன். வேண்டுமானால் பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். அன்று அவனுக்கு இரண்டு கல்லூரியிலும் வருகை உண்டு. கொடுத்த வாக்கை நான் மீறவில்லை.