மேயருக்குப் பட்டாணி

— இன்னும் தலைகீழாத்தான் மிதக்குறானா, நோலா?

— கட்டில்ல படுத்தா மீன்தொட்டி உன் மூக்குக்கு நேராத்தானே இருக்கு, டெஸ். தெரியலையா?

— தெரியுது... வயித்தைக் காட்டிக்கிட்டு மேலயே கிடக்கான். மேயர்னு பேர் வெச்சிருக்கக் கூடாது. நம்ம ஊர் மேயர் மாதிரியே...

— வயிறு மட்டும்தான் அவர் மாதிரி. இது பொய் பேசாது.

— முர்ரே ஆத்துல நான் பிடிச்சுத் தின்ன மீனுங்க எல்லாம் சேர்ந்து சாபம் விட்டிருக்கும். பட்டாணி போட்டியா?

— போட்டேன்.

— வேக வெச்சு, தோல் உரிச்சு?

— கல்யாணம் ஆனதுலேர்ந்து உனக்குப் பட்டாணி வேக வெச்சுப் போடுறேன். ஒரு தங்கமீனுக்கு வேக வெக்கத் தெரியாதா?

— எனக்கு நீ தோல் உரிச்சதே இல்லையே!

— நீ தலைகீழா மிதந்ததில்லையே.

— கிளப்ல, அந்தக் கிறிஸ்மஸ் விருந்துல குடிச்சுட்டு...

— சிரிக்காத, இருமல் வரும்... பாரு, வந்துடுச்சு. இந்தா, தண்ணி.

— வேணாம்... இறங்கல. ஐஸ் துண்டு குடு.

— வாயைத் திற... மெதுவா.

— காலையில நர்ஸ் வாசல்ல நின்னு உன்கிட்ட என்ன சொன்னா?

— வலி மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாமாம்.

— கூட்டிக் கூட்டி... இப்ப எதுக்கும் வலி கேக்க மாட்டேங்குது. அலமாரிச் சாவி உன்கிட்டதானே?

— எங்கயும் போகல.

— உள்ள இருக்குற பெட்டி?

— அதுவும்தான். நீயே கேட்டு, டாக்டருங்க கையெழுத்துப் போட்டு, சட்டப்படி வந்த பெட்டி. கால் முளைச்சு ஓடிடுமா என்ன?

— அது வந்த அன்னிக்கு நான் குடுத்த வாக்கு ஞாபகம் இருக்கா?

— இப்ப எதுக்கு அது?

— சொல்லேன்.

— "மேயர் நிமிர்ந்து நீந்தட்டும். அதைப் பார்த்துட்டுத்தான் அந்த மருந்தைக் குடிச்சுக் கண்ணை மூடுவேன்"னு சொன்ன.

— உன் முகத்தைப் பார்க்க முடியல. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.

— நல்லதைத்தான் சொன்ன.

— நோலா... நான் எத்தனை மீன் வளர்த்திருக்கேன். இந்த உப்பலுக்குப் பட்டாணி குடுத்தா நாலஞ்சு நாள்ல நிமிர்ந்துடும். இவன் வாரக்கணக்கா இப்படியே கிடக்கான்.

— வயசான மீன். உன்னை மாதிரி.

— தண்ணி மேல உருண்டைத் தீனி மிதக்குதே, அதை யார் போட்டது?

— பசிக்குமேன்னு நான்தான்...

— அதைத் தின்னா காத்தையும் சேர்த்து முழுங்குவான். வயிறு இன்னும் உப்பும். உனக்கு நான்தான் சொல்லியிருக்கேன்.

— தெரியும், டெஸ்.

— அப்ப பட்டாணி?

— வேக வெச்சேன். உரிச்சேன். தினமும் தொட்டி வரைக்கும் கொண்டு வந்தேன்... போட முடியல. நானே தின்னுட்டேன்.

— அவன் வயித்துல அந்தச் சிவப்பு...

— புண்ணு. வயிறு தண்ணிக்கு வெளியவே நின்னு நின்னு காய்ஞ்சு போச்சு. கையால தண்ணி அள்ளி ஊத்துறேன். ஊத்தும்போதெல்லாம் அதுகிட்ட மன்னிப்பு கேக்குறேன். பாவம், வாயில்லாத ஜீவன். நீயும் இங்க கிடந்து துடிக்கிற... ரெண்டு பேரையும் நான்தான் வதைக்கிறேன். நீ இல்லாத வீட்டை நினைச்சாலே எனக்கு பயம், டெஸ். திட்டு என்னை. நல்லாத் திட்டு.

— எதுக்குத் திட்டணும்? முதல் நாளே பார்த்துட்டேன். தொட்டிக் கண்ணாடியில நீ பட்டாணியை வாயில போட்டுக்கிட்டது தெரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன்... எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, நோலா. நாளைக்கும் நீயே தின்னுடணும்னு தினமும் வேண்டிக்கிட்டேன். இன்னிக்கு முடியல, கண்ணு. இன்னிக்கு அவனுக்குப் போடு.