பெர்மெத்தின் கார்டு

ஹலோ... ஹலோ, கேக்குதா?... அப்பாடா, ஒரு மனுசக் குரல்! காலையில இருந்து உங்க ஃபோன் எனக்கு கோமுஸ் வாத்தியம் வாசிச்சே காட்டிட்டு இருக்கு. நல்லாத்தான் வாசிக்குது, ஆனா எனக்கு வேலை கெடக்குப்பா...

ஆமா, ஆமா, லைன்லதான் இருக்கேன். வேற யாருக்கும் மாத்தி விட்டுடாத, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். கல்வி ஆபீஸ், கார்டு பிரிவுதானே?... சரி. நான் ஜிபர்கூல். தாஷ்-புலாக் பள்ளிக்கூடத்து லைப்ரரியில இருந்து பேசறேன்... டீச்சர் இல்லப்பா, லைப்ரரி பாத்துக்கறவ. புள்ளைங்களுக்குப் புத்தகம் எடுக்க கார்டு போட்டுக் குடுத்தீங்கல்ல, அந்த விஷயமாத்தான்...

இல்ல, மெஷின் ஓடுது. நல்லா ஓடுது. பொய்யா ஓடுது, அதான் பிரச்சினை.

சொல்றேன், கேளு. எங்க பள்ளிக்கூடத்துல பெர்மெத்னு ஒரு பொண்ணு. ஒன்பதாவது. இலையுதிர் கால லீவுக்கு அப்புறம் குடும்பத்தோட பிஷ்கேக் போயிட்டா. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல சேத்துட்டாங்க. இப்ப அவ அம்மா எனக்கு ஃபோன் பண்ணி அழுவறா. என்னன்னா, அந்தப் பள்ளிக்கூடத்துல பெர்மெத்துக்குப் புத்தகமே தர மாட்டேங்கறாங்களாம். பழைய ஊர்ல நீ புத்தகம் பாக்கி வெச்சிருக்க, அது அடையற வரைக்கும் உனக்கு இங்க கார்டு கிடையாதுங்கறாங்களாம். புள்ள பக்கத்துல உக்காந்திருக்கறவளோட புத்தகத்தை எட்டி எட்டிப் பாத்துப் படிக்குது...

அதான் சொல்றேனே, பாக்கி இல்ல! போகும்போது எல்லாத்தையும் குடுத்துட்டுத்தான் போனா. என் கையால வாங்கி அலமாரியில வெச்சேன்... பாரேன், நீயே உன் கம்ப்யூட்டர்ல பாரு...

ம்... ம்...

என்னது?... போன செவ்வாய்க்கிழமையா? பெர்மெத்தா? செவ்வாய்க்கிழமை எங்க லைப்ரரிக்கு வந்து எடுத்தாளா?... தம்பி, அவ பிஷ்கேக்குல இருக்கா. நடுவுல எத்தனை மலை இருக்குன்னு உனக்குத் தெரியாதா? என்ன, பறந்து வந்து எடுத்துட்டுப் போறாளா?...

கோபம் இல்லப்பா. சிரிக்கறேன்... சரி, என்னென்ன எடுத்திருக்காளாம்?... உயிரியல்... வேதியியல்... ரஷ்ய இலக்கணம்... முதலுதவிக் கையேடா? அதை ஒருத்தரும் எடுக்க மாட்டாங்களே, தூசி தட்டறதுக்குத்தான் நான் எடுப்பேன்...

நான்தான் குடுத்தேனா? இங்க இருக்கறது நான் ஒருத்திதான், அப்ப நானாத்தான் இருக்கணும். ஆனா எனக்கு ஞாபகம் இல்லையே!... எப்படி இருக்கும்? பெரிய இடைவேளையில மொத்தப் பள்ளிக்கூடமும் உள்ள வந்து விழுது. கார்டை நீட்டறாங்க, நான் அடிக்கறேன், பச்சை எரிஞ்சா போ, சிவப்பு எரிஞ்சா நில்லு. பயிற்சியில நீங்கதானே சொன்னீங்க? "முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, விளக்கைப் பாருங்க"ன்னு. ஒரு சின்னப் பையன் வந்து சொன்னான், டை கட்டிக்கிட்டு...

நீயா அது? அட! நீதானா அந்த டை?... கோவிச்சுக்காத. உன் பேரென்ன?... மிர்லான். யார் மகன்?... எந்த தொக்தோசுன், லாரி தொக்தோசுனா?... அட, அப்ப ஷேகெர் பெத்த பிள்ளையாடா நீ! உங்கம்மாவும் நானும் ஒரே பெஞ்சு. நல்லா இருக்காளா? இடுப்பு வலி எப்படி இருக்கு?... அவ அப்படித்தான், சொன்னா கேக்க மாட்டா. இனிமே உன்னை ஆபீசர்னு எல்லாம் என்னால நினைக்க முடியாதுடா, சொல்லிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வா... ம்... எல்லாமே பெரிய இடைவேளை முடியற நேரத்துலதானா?... ஒவ்வொரு தடவையுமா?...

கடைசி ஆளா...

......

இருக்கேன், இருக்கேன். கட் ஆகல.

ஒண்ணுமில்ல. யோசிச்சேன்.

இல்லடா, யாருன்னு தெரியல... சொல்றேன்ல, தெரியல. மெஷின்தான் தப்பு பண்ணியிருக்கும். நீ ஒண்ணு பண்ணு, அந்தப் புத்தகமெல்லாம் திரும்பி வந்துடுச்சுன்னு அங்கேயே போட்டு மூடிடு. பெர்மெத்துக்கு வழி விட்டுடு... ஏன் முடியாது?... புத்தகத்தை நான் இங்க அடிச்சாத்தானா? உன்கிட்ட பட்டன் இல்லையா?... பிஷ்கேக்குலயும் இல்லையா? அப்ப பட்டன் யார்கிட்டடா இருக்கு?...

திருட்டா? பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு? ஒரு கார்டு... அடுத்தவங்க கார்டுதான், சரி... விசாரணைக்கு ஆள் வருமா? முதலுதவிப் புத்தகம் படிச்சதுக்கு விசாரணையா?

மிர்லான், இங்க பாரு. ஆபீசரா கேக்காத. ஷேகெர் மகனா கேளு... பதிவாகுதா? எல்லாப் பேச்சுமா?... ஆகட்டும். பேர் சொல்ல மாட்டேன், மத்ததைச் சொல்றேன்.

ஒரு பொண்ணு இருக்கா. கார்டை நீட்டும்போது கட்டைவிரலால போட்டோவை மூடிக்கிட்டே நீட்டுவா. நான் கவனிச்சிருக்கேன்டா. கை குளிருக்கு விறைச்சிருக்குன்னு நினைச்சேன். உள்ள வந்து அடுப்புல காட்டிக்கோன்னுகூடச் சொல்லியிருக்கேன். கவனிச்சேன், ஆனா பாக்கல. பச்சை எரிஞ்சுதுல்ல, விட்டுட்டேன்.

பெர்மெத்தும் அவளும் ஒட்டிப் பிறந்த மாதிரி. ஒரே பெஞ்சு. ஊரை விட்டுப் போகும்போது கார்டை அவ கையில குடுத்துட்டுப் போயிருக்கா, கழுத்துத் துணியைக் கழட்டிக் குடுக்கற மாதிரி. எனக்கு இனிமே வேணாம், நீ வெச்சுக்கன்னு...

ஏன்னா அவளுக்குக் கார்டு கிடையாதுடா! செப்டம்பர்ல நான்தான் விண்ணப்பம் அனுப்பினேன். நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க. அடையாள நம்பர் இல்லை, கார்டு இல்லைன்னு... நம்பர் எங்க இருந்து வரும்? மாஸ்கோவுல பிறந்த புள்ள. பிறப்புச் சான்று அம்மாகிட்ட. அம்மா அங்கேயே வேற குடித்தனம் வெச்சுட்டா, ஃபோன் எடுக்கறதில்ல. அப்பாவும் இல்ல, இங்க அத்தை வீட்டுல இருக்கா. அத்தை போய் நின்னா, நீ காப்பாளர் இல்லைங்கறாங்க. காப்பாளர் ஆகணும்னா கோர்ட்டுக்குப் போங்கறாங்க. கோர்ட்டுல என்ன கேக்கறாங்க தெரியுமா? "புள்ளையோட நம்பர் என்ன?"...

சிரிக்காத. நானும் முதல்ல சிரிச்சேன்.

வகுப்புல உக்காரலாம், பாடம் கேக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. புத்தகம் மட்டும் கிடையாது. முன்ன எல்லாம் நான் முகத்தைப் பாத்துக் குடுப்பேன். இவ இன்னார் மகன் வீட்டுப் புள்ள, மழை வந்தா புத்தகத்தைக் கோட்டுக்குள்ள வெச்சுக்குவா, குடுக்கலாம்னு...

சரி, சரி, முன்ன நடந்ததை விடு. அவளுக்கு ஒரு தற்காலிகக் கார்டு, விருந்தாளிக் கார்டு, ஏதாவது?... அதுக்கும் நம்பரா?... என் பேர்ல எடுத்துக் குடுக்கறேன், என் கார்டுல அடி... பாடப் புத்தகம் பெரியவங்க கார்டுல ஏறாதா? ஏன் ஏறாது? நான் உயிரியல் படிக்கக் கூடாதா?...

இருடா. இடைவேளை மணி அடிச்சிடுச்சு. ஒரு நிமிஷம். வெச்சுடாத.

கதவைச் சாத்து கண்ணு, குளிர் உள்ள வருது... வா. கிட்ட வா. ஏன் வாசல்லயே நிக்கற?... அழாத. நான் ஒண்ணும் கத்தலையே... யார் சொன்னா?... பெர்மெத்தே ஃபோன் பண்ணினாளா? உனக்கா?... என்ன சொன்னா?... ம்... ம்... சரி. மூக்கைத் துடை.

மிர்லான், இருக்கியா?... வந்துட்டா. நான் கூப்பிடல, அவளாவே வந்திருக்கா. புத்தகத்தையெல்லாம் துணியில சுத்திக் கொண்டு வந்திருக்கா. பெர்மெத் நேத்து இவகிட்ட பேசியிருக்கா. திட்டலையாம். "எனக்கு இங்க புத்தகம் தர மாட்டேங்கறாங்க, என்னன்னு தெரியல"ன்னு மட்டும் சொன்னாளாம். இவளுக்குப் புரிஞ்சு போச்சு. ராத்திரி தூங்கலையாம்.

எப்படி இருக்கு புத்தகம்னு கேளேன்! அட்டையில செய்தித்தாள் ஒட்டியிருக்கா. மூலை மடியல. உங்க கார்டு வெச்சிருக்கற புள்ளைங்க கொண்டு வர்ற புத்தகத்தைப் பாத்திருக்கியா நீ? போர்சோக் பலகாரத்து எண்ணெய்ல ஊறிப் போய் வரும்...

என்ன கண்ணு?... பரீட்சை முடியற வரைக்கும்?... உயிரியல் மட்டும்?... இரு, கேக்கறேன்.

தம்பி, உயிரியல் மட்டும் விட்டு வைக்கலாமா, மத்ததை அடிச்சுட்டு? ஒண்ணே ஒண்ணு. வசந்தத்துல நாரின்ல நர்சு காலேஜுக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போறா. உயிரியல்தான் முக்கியம்... ஒண்ணு நின்னாலும் பெர்மெத்துக்குக் கார்டு வராதா?...

என்ன சொன்ன?

... மெதுவாச் சொல்லு... அந்தத் தேர்வுக்குப் பேர் குடுக்கவுமா?... அதுவும் அதே நம்பர்தானா?... நிச்சயமாத் தெரியுமா உனக்கு?...

சத்தம் போட்டுப் பேசாதடா. பக்கத்துல நிக்கறா.

ஒண்ணுமில்ல கண்ணு, ஆபீஸ் விஷயம். நீ அடுப்புகிட்ட உக்காரு.

சரி. அடிக்கறேன். வேற என்ன பண்ண? வேதியியல்... வந்துச்சா அங்க?... ம். இலக்கணம்... ம். முதலுதவி... வந்துச்சா?... கண்ணு, அதையும் குடு... குடு தங்கம். பெர்மெத்துக்கும் பரீட்சை இருக்குல்ல?... ம். நல்ல பொண்ணு.

உயிரியல். அடிச்சுட்டேன்.

பச்சை எரியுது. என்ன அழகா எரியுது பாரு.

இப்ப பெர்மெத்துக்கு வழி விட்டாச்சா?... நாளைக்கே கார்டு வந்துடுமா?... சரி. அவ அம்மாவுக்கு நானே சொல்லிடறேன். அது ஒண்ணாவது நல்லபடியா முடிஞ்சுது...

கார்டா? இதோ, மேசை மேல வெச்சுட்டா. இப்பவே ரத்து பண்ணணுமா? பண்ணு, பண்ணு... ஆமா, சிவப்பு வந்துடுச்சு.

இரு... இது என்ன, திரையில வேற ஏதோ பேர் வருது? "அடுத்து" அப்படின்னு... ஒன்பதாவது "பி"யில ஒரு பையன்... உயிரியல் அவனுக்கா? இப்பத்தானடா திரும்பி வந்துச்சு, சூடு கூட ஆறல!... வரிசையா? தானாவே போயிடுமா?... வீட்டுக்குச் செய்தியும் போயிடுச்சா?... நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்குவான்... நான் இல்லைன்னு சொன்னா?... ம். ஹெட்மாஸ்டருக்குப் புகார் போயிடுமா. சரி. புரியுது. எங்கிட்ட இருக்கற உயிரியல் புத்தகமே ஒன்பதோ பத்தோ, நான் யாரைக் குத்தம் சொல்ல? அவனும் படிக்கற புள்ளதான்.

நீயும் என்னடா பண்ணுவ. தெரியுது. அழுத்தறதுக்கு உனக்கு ஒரு பட்டன் கூடக் குடுக்கல...

காரணமா? என்ன காரணம்?... கட்டாயம் எழுதணுமா? கட்டத்தைக் காலியா விட்டா மூடாதா?... "நூலகர் கவனக்குறைவு"ன்னு போட்டுக்க... எச்சரிக்கைக் கடிதம் வரும்னா வரட்டும்டா. பொய் ஒண்ணும் இல்லையே அது. ஒவ்வொரு தடவையும் என் கண்ணு முன்னாடிதான் நின்னா.

இரு, இரு. என்ன பண்றா இவ?

கண்ணு, மணி அடிச்சிடுச்சே, வகுப்புக்குப் போகல?... ம்?... அதுல எவ்வளவுன்னு எழுதுவ?... நாளைக்குக் காலை வரைக்குமா?... சரி, எழுது. இந்தா, என் பேனாவை எடுத்துக்க, உன்னுது மை விடுது. ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சுக்க, வெளிச்சம் அங்கதான்.

ஒண்ணுமில்ல மிர்லான். உயிரியலை எடுத்து வெச்சுக்கிட்டுப் பாத்து எழுத ஆரம்பிச்சுட்டா... ஆமா, கையாலதான்... படம் எல்லாம் கூட. இதயம் வரைஞ்சுக்கிட்டு இருக்கா... முழுசா எப்படி முடியும்? முடியாதுன்னு அவளுக்கும் தெரியும்...

இல்ல, அந்தப் பரீட்சை விஷயம் சொல்லல. இன்னிக்குச் சொல்ல மாட்டேன். எழுதிட்டு இருக்கறவகிட்ட எப்படிடா சொல்ல?

அடுப்புல கரி போடணும், வெச்சுடறேன். அம்மாவைக் கேட்டதாச் சொல்லு. நூருஸ் பண்டிகைக்கு இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வா, சுமோலோக் களி கிண்டுவேன்...

என்ன?... யாரா?... யார் அந்தப் பொண்ணுன்னா? இல்ல, ஆபீசுக்கு இல்ல, சும்மா உனக்குத் தெரிஞ்சுக்கணுமா?...

பேரைக் கேட்டு என்னப்பா பண்ணப் போற. உன் கம்ப்யூட்டர்ல எவ்வளவு தேடினாலும் அப்படி ஒருத்தி கிடையாதே... 

வெச்சுடறேன்.