பஜாருக்கு வெளியே ஒரு நிக்காஹ்

ஆம்பூர் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெரியவர், வழியில் ஏறிய பழைய தோஸ்திடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"வேலூர் பஜாருக்குள்ள நான் கால் வைக்கக்கூடாதுன்னு மேஜிஸ்திரேட் உத்தரவு. ஜேப்படிக்காரன்னுதான் பேரு, கை வுட்ட தடவையெல்லாம் மாட்டிக்கிட்டேன். கடைசியா வுட்டது மப்டியில இருந்த போலீஸ்காரர் ஜேபியில."

"அப்போ பொண்ணு நிக்காஹ்? பஜார் வூட்டுலதானே வச்சிருந்தீங்க, பாய்?"

"அப்பா இல்லாம நடக்காதுன்னு அவ புடிவாதம் புடிச்சிட்டா. ஊருக்கு வெளியே, தோல் ஊறப்போடுற தொட்டிங்க பக்கத்துலதான் எடம் கெடச்சுது. மாப்பிள்ளை வூட்டாளுங்க மூக்கைப் பொத்திக்கிட்டே பிரியாணி துன்னாங்க."

"உங்களுக்கு நாத்தம் தெரியலையா?"

"எங்க? அழுது அழுது எனக்கு மூக்கே அடைச்சிக்கிச்சு."