துரைக்கண்ணு மூட்டை கட்டவில்லை

— எழுந்துருய்யா! முட்டிக்கால் தண்ணியில ஏரிக்கரையைச் சுத்திக்கினு ஓடியாறேன், நீ இன்னாடான்னா கட்டிலு மேல குந்திக்கினு பீடி புடிக்கிற?

— எங்க கெங்கம்மா புடிக்கிறேன்? நெருப்புப்பொட்டி நமுத்துப்போச்சி. சும்மா வாயில வச்சிக்கினு கீறேன். என் வாயாலதான ஊரு கெடுது, அதுக்கு ஒரு மூடி.

— வெளாட்டு வேணாம். மதகாண்ட கரை ஊறிப்போயி பொலபொலன்னு உதிருது. புட்டுக்கிச்சின்னா தண்ணி மொத்தமும் நம்ம தெரு மேலதான் வரும். சனமெல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சி. நம்ம பசங்க ரெண்டும் அங்க அப்பா அப்பான்னு அழுவுதுங்க. வா, போலாம்.

— நான் ஒருத்தனா பாக்கி? எதிர்த்த ஊட்டுத் தாண்டவராயன் இருக்கானே.

— அவன் நெல்லு மூட்டைக்குக் காவலு நிக்கிறான். நீ எதுக்குக் காவலு? ஆடற கட்டிலுக்கும் அந்த டிரான்சிஸ்டருக்குமா?

— டிரான்சிஸ்டர ஒண்ணும் சொல்லாத. கோட்டக்குப்பத்துல துபாய்க்காரர் ஊட்டுல வாங்குன பொருளு. அது வந்தப்புறந்தான் ஒம் புருசன நாலு பேருக்குத் தெரிஞ்சிது.

— தெரிஞ்சிது, பொயலு துரைக்கண்ணுன்னு! பொட்டி சொல்லிச்சின்னு தெருத்தெருவா ஓடி, பொயலு வருது, மல்லாட்டையப் புடுங்குங்கன்னு கத்தினே. ஊரே பருப்பு புடிக்காத பிஞ்சுக் கடலையப் புடுங்கிப் போட்டுச்சி. பொயலு நேரா ஆந்திராவுக்குப் போயிருச்சி.

— அது என் தப்பா? வர்ற வழியில அதுக்கு மனசு மாறிக்கிச்சி. மாட்டுங்களுக்கு ஒரு வாரம் நல்ல தீனி. அத எவனாவது சொல்றானா?

— தாண்டவராயன் பொண்ணு செண்பகம் கல்யாணத்துல இன்னா பண்ணே?

— காத்து அடிக்கும், பந்தலு பறந்துரும், பிரிச்சிடுங்கன்னேன். நல்ல எண்ணத்துலதான் சொன்னேன்.

— பிரிச்சாங்க. அன்னிக்கி அடிச்ச வெயில்ல மாப்ள மயக்கம் போட்டு ஊந்தான். சோடாவ ஒடச்சி மூஞ்சில அடிச்சித்தான் தாலி கட்ட வச்சாங்க.

— அந்தப் பையன் இன்னிக்கும் என்னப் பாத்தா துண்ட எடுத்துத் தலையில போட்டுக்கினு அந்தப் பக்கமாப் போறான்.

— வரும்னாத்தான் வரல. போன வருசம் வராதுன்னியே? வானம் தெளிஞ்சி கெடக்கு, கேப்பையக் களத்துல கொட்டிக் காய வைங்கன்னே. பொழுது சாயறதுக்குள்ள ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சி. கேப்பை அத்தினியும் களத்துலயே மொளச்சிப்போச்சி.

— பச்சப்பசேல்னு அழகாத்தான் இருந்துச்சி. வெதைக்கற வேலை மிச்சம்.

— சிரிக்காதய்யா, எனக்குப் பத்திக்கினு வருது. இன்னிக்கிக் காலையில ராஜாமணி டீக்கடையில போயி இன்னா சொன்னே?

— பொயலும் வராது, ஒரு மண்ணும் வராது, வந்தா மீசைய எடுத்துக்கறேன்னேன். அதுவும் ஒரு பக்க மீசைதான். முழுசா வச்சிப் பந்தயம் கட்டற அளவுக்கு எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல.

— நேத்து தாசில்தாரு ஜீப்பு மைக்கு வச்சிக் கத்திக்கினே போச்சி. ஏரி ஒடஞ்சாலும் ஒடையும், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு. ஒரு ஆளு நவுரல. இன்னிக்கி நீ வராதுன்னே. அவ்ளோதான்! அடுப்புல கொதிக்கிற சோத்த அப்படியே எறக்கி வச்சிட்டு ஓடறாங்க. 'துரைக்கண்ணே வராதுன்னுட்டான், இனிமே இங்க இருந்தா நாம காலி'ன்னு சொல்லிக்கினே ஓடறாங்கய்யா. எங்காது கேக்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— பெருமையா இருந்திருக்கும். தாசில்தாரு ஜீப்ப வுட நம்ம பேச்சுக்கு மருவாதி கீது.

— அவமானமா இருந்துச்சி. பள்ளிக்கூடத்துல போயி குந்தினா அங்கயும் ஒம் பேச்சிதான். இப்ப மழ கொஞ்சம் வுட்டுச்சில்ல, ஊட்டுக்குப் போலாமான்னு நாலஞ்சி பேரு எழுந்துட்டாங்க. அந்த வேங்கடேசன் கேக்கறான், 'துரைக்கண்ணு இங்க வந்துட்டானா? வரலல்ல? அப்ப குந்துங்கடா'ன்றான். எல்லாம் சிரிக்கிது. நான் மூஞ்சிய எங்கய்யா வச்சிக்கறது?

— குந்திட்டாங்களா?

— இன்னாது?

— எழுந்தவங்க. திரும்பவும் குந்திட்டாங்களா?

— குந்திட்டாங்க. ஏன்?

— சும்மா கேட்டேன். ஏரியாண்ட குடிசை போட்டிருந்தானே இருதயராஜி, அவன் வந்துட்டானா? அவன் பொண்டாட்டி பச்சக்கொழந்தக்காரியாச்சே.

— அவங்களும் வந்தாச்சி. ஊரான் கொழந்தய நல்லா விசாரி. ஒங்கொழந்தைங்க அழுவுதுன்றேன், அதுக்கு வாயத் தொறக்காத. இந்தா, தாண்டவராயன் தெருவுல நின்னு கூப்புடறான். இருக்கற கொஞ்ச மானமும் போவட்டும்.

— யோவ் பொயலு! மழ வுட்டுருச்சே! இன்னாய்யா சொல்லுது ஒம் பொட்டி?

— பொட்டிய வுடு தாண்டவராயா, நான் சொல்றேன். சாயங்காலம் பளிச்சினு வெயிலு வரும். ஒன் நெல்லக் கொண்டாந்து தெருவுல கொட்டிக் காய வையி.

— அய்யய்யோ! ஏ அம்மணி! அம்மணி! அந்த ஆளு நெல்லக் காய வெக்கச் சொல்றான்டி! வாடி வெளிய, ஜல்தி!

— ஏம்ப்பா, நெல்லு மூட்டைய வுட்டுட்டா போற?

— நெல்லு கெடக்குதுய்யா! ஒன் வாயால வெயிலுன்னு வந்துருச்சே, இனிமே ஒரு நிமிசம் நிப்பனா நானு? அம்மணி, பொட்டியெல்லாம் வேணாம், புள்ளயத் தூக்கு!

— பாத்தியாய்யா? பாத்தியா? நெல்லு மேல உசுர வச்சிக்கினு கெடந்தவன். ஒன் ஒத்த வார்த்தைக்கு ஓடறான்.

— பாத்தேன். அம்மணி கோழிக்கூடைய மட்டும் மறக்காம தூக்கிக்கினு போறா. கெட்டிக்காரி. தெருவுல இனிமே யாரும் இல்லல்ல?

— நீயும் நானும்தான். தண்ணி ஊட்டுக்குள்ள வந்துருச்சி, கட்டிலு காலப் பாரு. இன்னாய்யா வீம்பு இது? மீசைக்கு பயந்துக்கினு சாவப் போறியா? நானே கத்திரிக்கோலு எடுத்தாந்து வெட்டி வுடறேன், வா. ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும். எனக்கு நீ வேணும்யா.

— மீசைக்காக இல்ல கெங்கம்மா.

— அப்ப இன்னாத்துக்கு? இடுப்புல இன்னாது அது? கெணத்துத் தாம்புக்கயிறா?

— வேட்டி நிக்க மாட்டேங்குது.

— வேட்டிக்கு யாராச்சும் தாம்புக்கயிறு கட்டுவாங்களா? நில்லு. மாட்ட எதுக்கு முந்தாநேத்தே பிரம்மதேசத்துக்கு, எங்க அண்ணன் ஊட்டுக்கு ஓட்டிக்கினு போயி வுட்டே? காளைக்குச் சேக்கணும்னு சொன்னே. எங்க அண்ணங்கிட்ட ஏதுய்யா காளை? அத்த வித்துத்தான போன தையில ஊடு மேஞ்சாங்க?

— மறந்துட்டேன். பொய் சொன்னாக் கூட எனக்கு ஒழுங்கா வர்றதில்ல.

— மறக்கல நீ. மாட்ட மேட்டுல கொண்டுபோயி வுட்டே. கயித்த எடுத்து வச்சிக்கினே. யோவ், என்னப் பாரு. இந்தப் பொயலு வரும்னு ஒனக்குத் தெரியுமா?

— முந்தாநேத்துலருந்து பொட்டி சொல்லிக்கினே கீது. அது சொல்லாங்காட்டியும் அந்தக் கடலுப் பக்கத்து வானத்தப் பாத்தாலே எனக்குத் தெரியுது. ஆனா நான் போயி வருதுன்னு சொல்லியிருந்தா, இந்நேரம் ஊரே இழுத்துப் போத்திக்கினு படுத்திருக்கும். அதான் வராதுன்னேன். வாழ்க்கையில மொத வாட்டி ஒம் புருசன் நெனச்சது நடந்துருக்கு.

— அடப்பாவி மனுசா! கட்டுன பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொன்னியா? காலையிலருந்து ஒன்ன நான் எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமா?

— நீ திட்டுனாத்தான ஊரு நம்பும்? ஒன் திட்டுதான் எனக்கு முத்திரை.

— சரி, அதான் நடந்துருச்சில்ல. கடைசி ஆளும் போயாச்சி. இன்னமும் குந்திக்கினு இருக்கியே, எழுந்து வாய்யா.

— வர முடியாது.

— ஏன்?

— மழ வுட்டுருக்கு கெங்கம்மா. அங்க எல்லாம் ஒரு கால வாசல்ல வச்சிக்கினுதான் குந்திக்கினு இருக்குதுங்க. இப்ப நான் மூட்டையத் தூக்கிக்கினு போயி நின்னேன்னு வையி, 'துரைக்கண்ணே பயந்து வந்துட்டான், அப்ப ஒண்ணும் வராது'ன்னு அத்தினி பேரும் சிரிச்சிக்கினே, கொழந்த குட்டியோட ஊட்டுக்குத் திரும்பிருவாங்க.

— பின்பக்கமா வந்து சமையல் கொட்டாயில படுத்துக்கயேன். யாரு பாக்கப் போறாங்க?

— என் இருமலு பள்ளிக்கூடம் முழுக்கக் கேக்கும். பீடி பண்ண வேலை.

— ஒருவேள இதுவும் ஆந்திராவுக்குப் போயிருச்சின்னா?

— அய்யோ, அப்படி மட்டும் ஆவக் கூடாது. நான் சொன்னது பலிச்சிருச்சின்னு ஆயிடும். அதுக்கப்புறம் இந்த ஊருல எவன் என்ன நம்புவான்? அழுவாத. தண்ணி ஏறிச்சின்னா கொல்லையில புளியமரம் கீது, ஏறிக் கயித்தால கட்டிக்கறேன். தென்னமரத்துல ஏறி ஊந்தவந்தான் நானு. புளியமரம் அவ்ளோ மோசம் பண்ணாது.

— பயமா இருக்குய்யா.

— எனக்கும்தான். நீ போ, பசங்களப் பாத்துக்க. அழுத மூஞ்சோட போயி நிக்காத, சந்தேகப்படுவாங்க. நல்லா திட்டிக்கினே போ. ஒனக்கா சொல்லிக் குடுக்கணும்?

— ரெட்டை முடிச்சாப் போடு.

— போடறேன்.

— தாண்டவராயா! நில்லுய்யா, நானும் வர்றேன்! எங்க ஊட்டு மடையன் வர மாட்டானாம்! மழையே வராதாம்! சாயங்காலம் வெயிலு காயப் போறானாம்யா!