ரலிட்சாவின் முதலாம் ஆண்டு

கோதுமை குழையக் கூடாது, ஐயா. குழைந்துவிட்டால் மேலே தூவும் சர்க்கரை நீர்த்துவிடும். இறந்தவர்களுக்காக வேகவைக்கும் கோதுமையில் என் கைப்பக்குவத்தை ஊரே சொல்லும்.

என் மகள் ரலிட்சா என்னோடு பேச்சை நிறுத்தி ஏழு வருடம் இருக்கும். அவள் கட்டிக்கொண்டவனைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். போனை எடுக்க மாட்டாள். ஸ்பெயினுக்குப் போட்ட கடிதமெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு மின்கா புருஷனைப் பறிகொடுத்தபோது தெருவே திரண்டு அழுதது. எனக்கு அழ ஆளில்லை. "உசிரோடதானே இருக்கா, டோன்கா அக்கா! கோவம் தணிஞ்சா ஓடி வரப்போறா. இதுக்குப் போயி மூக்கைச் சிந்திக்கிட்டு..." என்று அதே மின்கா சிரித்தாள்.

யார் இறந்தாலும் படத்தோடு அறிவிப்பு அச்சடித்து வீட்டுக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுகிறோம். அச்சகத்தில் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. ரலிட்சாவின் படத்தைக் கொடுத்து, 'வெளிநாட்டில், திடீரென' என்று போடச் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மின்கா என்னைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிடுக்கா, வாய்க்கொழுப்புல பேசிட்டேன்" என்று விம்மினாள். அன்றுதான் ஆறு வருடத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம் என்று எந்த நினைவுச் சடங்கையும் நான் விடவில்லை.

முதலாம் ஆண்டு ஜனவரியில் வந்தது, ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு எல்லாரும் போன பிறகு வாசலில் பனியில் ஒரு பெண் நின்றாள், கதவில் இருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டு. மெல்லிய கோட்டு. நெஞ்சைப் பிளக்கும் இருமல்.

"அம்மா, நான்தாம்மா. நீ சொன்னதுதான் சரி. அவனை விட்டுட்டு வந்துட்டேன். கதவைத் தெற."

அவள்தான். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் திறந்தால் மின்கா என்ன சொல்வாள்? அத்தனை பேரின் கண்ணீருக்கும் நான் என்ன பதில் சொல்வேன்?

"வீடு மாறி வந்துட்ட, பொண்ணே. என் மக செத்துட்டா."

மதியத்துக்கு மேல் பேருந்து கிடையாது என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் நிறுத்தத்துப் பெஞ்சிலிருந்து விறைத்துப்போன அவள் உடலை எடுத்தீர்கள்.

வாக்குமூலத்தில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. பெற்றவள் ஒருத்தி ஒரே பிள்ளையை இரண்டு தடவை இழக்க வேண்டாமே என்றுதான் தாழ்ப்பாளைப் போட்டேன்.