தேனீக்களிடம் சொன்ன சாவு

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, தேவாலய மணியடிக்கும் தோழர்களே, கேக் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆஷ்கூம் ஊர் மக்களே!

பெரியவர் அம்ப்ரோஸ் டகெட் மறைந்துவிட்டார். முன்னோர் சொன்னதையெல்லாம் நெஞ்சில் சுமந்தவர் என்று பாதிரியார் புகழ்ந்தார். சுமந்தது அவர், முதுகு ஒடிந்தது யாருக்கு? நமக்கு! ஆஷ் மரத்துக்கு முன்னே ஓக் மரம் துளிர்த்துவிட்டது, மழை வராது என்றார். நம்பிப் புல்லை அறுத்துக் காயப் போட்டோம். கொட்டிய மழையில் அத்தனையும் வயலிலேயே அழுகியது. குளிரில் நம் மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றபோது வேலியோரம் வந்து சொன்னார்: "மரம் தப்பாச் சொல்லலப்பா. உங்களுக்குத்தான் பாக்கத் தெரியல." என்னே அறிவு!

மே மாதத்தில் மணம் முடித்தால் குடும்பம் விளங்காது என்று மகள் தர்சாவின் கல்யாணத்தை நிறுத்தினாரே, மறக்க முடியுமா? மாப்பிள்ளை ஜெத்ரோவுக்கு மே கடைசியில் கனடாவுக்குக் கப்பல். "ஜூன் வரட்டும்" என்றார் இவர். கப்பல் காத்திருக்குமா? ஜெத்ரோ அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். தர்சா அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சியே நரைத்தாள்.

அந்த மே மாதம் பெரியவரின் தேனீக்கள் பறந்து போயின. புதிதாக வாங்கி வைத்தார். அடுத்த மே மாதம் அவையும் போயின. ஆண்டுதோறும் இதே கதை! காற்றைப் பழித்தார், நிலாவைப் பழித்தார், என் மாட்டைக்கூடப் பழித்தார்.

எஜமான் இறந்தால் வாசல் சாவியால் தேன்பெட்டியைத் தட்டிச் செய்தி சொல்லி, எங்களோடு இருங்கள் என்று தேனீக்களைக் கேட்டுக்கொள்வது நம் வழக்கம். இன்று காலை அடக்கம் முடிந்ததும் சாவியைத் தர்சாவிடம் நீட்டினேன்.

"போய்ச் சொல்லிட்டு வாம்மா."

"வருஷா வருஷம் சொல்லிட்டுதானே இருக்கேன்?"

"என்னன்னு?"

"எஜமான் செத்துட்டாரு, நீங்களாவது கெளம்பிப் போங்கன்னு."

அன்பர்களே, கேட்டீர்களா! ஊருக்கே சாத்திரம் சொன்ன மனிதரை அவர் மகள் மே மாதந்தோறும் சாகடித்திருக்கிறாள். அவருக்கு மட்டும் தெரியவில்லை.

பிறகு சாவியை வாங்கிக்கொண்டு போனாள். பெட்டியைத் தட்டினாள். குனிந்து சொன்னாள்.

"இந்தத் தடவ நெசமாவே செத்துட்டாரு. இனிமே நீங்க போக வேணாம்."

பெரியவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோமா? மாட்டோம்! யார் வாசலிலும் நின்று எந்த மாதமும் ஆகாது என்று சொல்ல மாட்டோம். இது இந்த அவையின் உறுதி!

இதோ, கேக் வந்துவிட்டது. வழக்கப்படி முதல் துண்டு தேனீக்களுக்கு. தர்சா எடுத்துப் போகட்டும். அவளுக்கு வழி விடுங்கள்.