கிழக்குச் சரிவை மூடிய சீட்டு

அண்ணி: கம்பத்தை நேரா பிடிம்மா. சாயுது.

நாத்தனார்: சாயட்டும். நாலு வருஷத்துக்குக் காட்டுல இந்தக் கிழக்குச் சரிவுல யாரும் காலு வைக்கக்கூடாதுன்னு பலகை மாட்டுறீங்க. அதைப் பிடிக்கவும் நான்தான் கிடைச்சேனா?

அண்ணி: ஊர்ச் சங்கத்துல எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. மூடணும்னு இருபத்தொரு சீட்டு, வேண்டாம்னு இருபது.

நாத்தனார்: சங்கத்துக்குச் செயலாளர் யாரு? எங்க அண்ணன் பொண்டாட்டி. அரை மணி நேரம் பேசுனீங்க... எனக்குக் கண்ணைக் கட்டிடுச்சு.

அண்ணி: தூங்குனியா?

நாத்தனார்: பாதி. மரத்துல ஒரு பக்கம் கையகலம்தான் பட்டை உரிக்கணும், சுத்தி உரிச்சா செத்துப்போகும்... இது எனக்குப் பாடமா? பதினாலு வயசுலேர்ந்து பட்டை உரிச்சு விக்கிறதுதான் எனக்குப் பொழப்பு.

அண்ணி: தெரிஞ்சவங்கதான் பதினேழு மரத்தைச் சுத்தி உரிச்சு வச்சிருக்காங்க.

நாத்தனார்: சரி, சரி... அந்தக் கல்லைத் தள்ளுங்க. குழியில போடுறேன்.

அண்ணி: கோவமா?

நாத்தனார்: மத்தவங்களுக்கு வயலு இருக்கு, மாடு இருக்கு. எனக்கும் எம் பொண்ணுக்கும் இந்தச் சரிவு ஒண்ணுதான். இனிமே மலைக்கு அந்தப் பக்கம் போகணும். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்.

அண்ணி: தெரியும்... அதான்...

நாத்தனார்: அதான்? மென்னு முழுங்காதீங்க.

அண்ணி: வெளிய சொல்லாதே. உங்க அண்ணன்கிட்டகூட.

நாத்தனார்: அவர்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. நீங்க சொல்லுங்க.

அண்ணி: அவ்வளவு பேசிட்டு சீட்டைக் கையில வாங்குனேன்... உன் மூஞ்சிதான் தெரிஞ்சுது. 'வேண்டாம்'னு எழுதிப் போட்டுட்டேன்.

நாத்தனார்: செயலாளரே...

அண்ணி: சிரிக்காதே. அப்பவும் ஒரு சீட்டுல ஜெயிச்சிடுச்சு. வேண்டாம்னு நின்னவங்கள்ல யாரு மூடணும்னு மாத்திப் போட்டாங்கன்னு ஒவ்வொருத்தரா யோசிச்சுப் பாத்துட்டேன், பிடிபடல.

நாத்தனார்: கம்பம் இப்ப நேரா இருக்கா?

அண்ணி: இருக்கு, இருக்கு. ஏன் இப்படி ஓங்கி மிதிக்கிறே?

நாத்தனார்: மண்ணு இறுகணும்ல. நாலு வருஷம் நிக்கணும்... அந்தப் பதினேழுல மூணு என் கத்தி பட்டது, அண்ணி. பொண்ணுக்குக் காய்ச்சல், சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு சுத்தி உரிச்சுட்டேன். போன வாரம் போய்ப் பாத்தேன். உச்சி வரைக்கும் காஞ்சு நிக்குது, மூணும். நீங்க தேடுற சீட்டு என்னோடது.